எப்சியின் முழங்காலும் நான் சொன்ன பொய்யும்

என் மகளின் இடது கண்ணில் பார்வை மங்கிப்போனதற்கு நான்தான் காரணம்.

நோயை நான் வரவழைக்கவில்லை. ஆனால் நோய் இருக்கிறது, உடனே போய்க் காட்டு என்று ஒரு டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதாகச் சொன்னேன். என் மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது.

உங்களிடம் ஏன் சொல்லுகிறேன்? நீங்கள் என் வீட்டுக்கு வரப்போவதில்லை. என் மனைவியின் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கப்போவதில்லை. அந்தத் தைரியம்தான்... வேறு உயர்ந்த காரணம் எதையும் என்னிடம் தேடாதீர்கள்.

நாங்கள் மராத்தி பேசும் ஒரு பெருநகரத்தில், செம்பூரை ஒட்டிய திலக் நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு டிராம்பேயில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. குழாய்களுக்குள் அழுத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்று காட்டும் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பவன் நான். முள் கொஞ்சம் நடுங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும். மனைவி ஜெயசீலி ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் எப்சிபா. நாங்கள் எப்சி என்போம். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

அந்த வருட மழைக்காலத்தில் அது தொடங்கியது. காலையில் எழுப்பினால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். இடது காலைத் தரையில் ஊன்ற மாட்டாள்.

"யப்பா, கால் ஸீதா ஆவல." நேராகவில்லை என்பதைப் பாதி ஹிந்தியில்தான் சொல்வாள்.

கீழே ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்கும். நான் அவள் இரு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்துவேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து, கிழவி போல இறங்குவாள். மாலையில் நான் வேலை முடிந்து வரும்போது, அதே பெண் கட்டடத்துக் காம்பவுண்டில் மற்ற பிள்ளைகளோடு லங்கடி ஆடிக்கொண்டிருப்பாள். ஒற்றைக் காலில் நொண்டியடித்துத் துரத்தித் தொடும் ஆட்டம். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

இதைப் பார்த்த எந்தத் தகப்பனும் என்ன நினைப்பான்? நடிக்கிறாள் என்றுதானே! நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை என்று இன்றும் ஒரு குரல் எனக்குள் வாதாடுகிறது. நினைத்தது தவறில்லை... பிறகு செய்தது?

ஜெயசீலி முதல் நாளிலிருந்தே வேறு மாதிரிச் சொன்னாள்.

"முழங்கால் வீங்கியிருக்குங்க. ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க. தொட்டா சூடா இருக்கு."

"வெளாடும்போது விழுந்திருப்பா. மராத்தி டீச்சருக்குப் பயந்துக்கிட்டு காலையில நடிக்கா. சாயங்காலம் மட்டும் காலு எப்படி சரியாவுது?"

"பிள்ள பொய் சொல்ல மாட்டா."

"நீ குடுக்குற செல்லம்."

இப்படியே வாரக்கணக்கில் நடந்தது. எங்கள் சண்டை எப்போது எப்சியின் முழங்காலைவிட்டு விலகியது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்பதுதான் கடைசியில் வழக்காகிவிட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெயசீலி சொன்னாள்:

"நாளைக்கு எனக்கு லீவு கெடைக்காது. நீங்க அவள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. அவங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, நான் இதப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

நான் சம்மதித்தேன். ஜெயிக்கப் போகிறவனைப் போலத்தான் மறுநாள் எப்சியை அழைத்துக்கொண்டு போனேன்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குழந்தைகள் டாக்டர். மராத்திக்கார அம்மாள். அதிகம் பேச மாட்டார். எப்சியை மேசையில் படுக்க வைத்து இரண்டு முழங்கால்களையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஹிந்தியில் கேட்டார்.

"வலி காலையில் அதிகமா, மாலையில் அதிகமா?"

இந்தக் கேள்வி என் பக்கத்துச் சாட்சியாக எனக்குப் பட்டது. ஆர்வத்தோடு சொன்னேன்: "காலையில் மட்டும்தான் டாக்டர். மாலையில் நன்றாக ஓடி ஆடுகிறாள். பள்ளிக்கூடம் போக மனமில்லாமல் நடிக்கிறாள் என்று நினைக்கிறேன்."

"காலையில் மட்டும் இறுகிப்போகிறது. அதுதான் எனக்குக் கவலை," என்றார் அவர். "நடிக்கிற குழந்தைக்கு முழங்கால் வீங்காது."

குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்றார். பரேலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் மூட்டு நோய்க்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், இந்த வாரமே போய்க் காட்டுங்கள் என்றார். நான் எழுந்தேன். அவர் மறுபடியும் உட்காரச் சொன்னார்.

"கண்ணையும் காட்டுங்கள். இதை மறக்காதீர்கள். இந்த நோய் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் போகும். வலிக்காது, சிவக்காது. குழந்தைக்கே தெரியாது. தெரியும்போது தாமதமாகிவிடும்."

ஒரு சீட்டும் எழுதித் தந்தார்.

எப்சி மேசையிலிருந்து இறங்கி என் பக்கத்தில்தான் நின்றாள். என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

வெளியே வந்து அவளுக்கு ஒரு குல்ஃபி வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாக நடந்து வந்தாள். மூட்டுவாதமாம்! ஏழு வயதுப் பிள்ளைக்கு! இந்த டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், நாலு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அப்போது நான் பொய் சொல்லத் தீர்மானித்திருக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்... இல்லை, நம்பத் தேவையில்லை. அதனால் எதுவும் மாறப்போவதில்லை.

ஜெயசீலி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள்; அவள்தான் கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. பயத்தோடு, தான் சொன்னதுதான் சரி என்று கேட்கப்போகும் ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. அல்லது அப்படி இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"என்ன சொன்னாவ?"

"வளர்ற பிள்ளைக்கு வர்ற வலியாம். தைலம் தேய்க்கச் சொன்னாவ. வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். அத்தனை சுலபமாக வந்துவிட்டது. சீட்டு என் பையில் இருந்தது. மறுநாள் ஆலைக்குப் போகும் வழியில் கிழித்துப் போட்டேன்.

ஜெயசீலி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அதன் பிறகு முழங்காலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. காலையில் சீக்கிரம் எழுந்து, வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து பிள்ளையின் காலில் வைப்பாள். தைலம் தேய்ப்பாள். என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம்... வீக்கம் வற்றவில்லையென்றால் நானே பரேலுக்குக் கூட்டிப் போய்விடலாம்... வீக்கம் கொஞ்சம் வற்றியது போல் தெரியும். நான் மூச்சு விடுவேன். மறுபடி வீங்கும். நாள் ஆக ஆக, சொல்லவேண்டிய உண்மையோடு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

மழை போய், கிறிஸ்துமஸும் போனது.

பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது கண்ணை மூடியபோது எப்சி, "போர்டு எங்கே இருக்கு மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். பள்ளியிலிருந்து ஜெயசீலிக்கு போன் வந்தது. கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைத்து அன்றைக்கே அவள் பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டீ குடிக்க வெளியே வந்து, லாக்கரில் இருந்த போனை எடுத்தேன். அவள் பலமுறை கூப்பிட்டிருந்தாள். திருப்பி அழைத்தேன்.

"என்னங்க... கண்ணக் காட்ட வந்தா இந்த டாக்டர் முழங்காலக் கேக்காரு. மிஷின்ல ரொம்ப நேரம் பாத்துட்டு, பிள்ளைக்கு மூட்டுல வலி இருக்கான்னு கேக்காரு. கண்ணுக்கும் முழங்காலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

என் கையில் டீ இருந்தது. அது என் சட்டையில் கொட்டியது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து டம்ளரை வாங்கினார். என்ன ஆயிற்று என்று கேட்டார். வலிக்காது, சிவக்காது, குழந்தைக்கே தெரியாது... அந்த அம்மாள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே நின்றது. நான் எதையும் மறந்திருக்கவில்லை.

பரேல் ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். ஜுவனைல் ஆர்த்ரைட்டிஸ், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம். ஜெயசீலி அங்கிருந்த டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள், அது வயதானவர்களுக்குத்தானே வரும் என்று. இவளுடைய உடம்பு இவளுடைய மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இடது முழங்கால் இனி முழுதாக நேராவதற்கு நாளாகும். வீக்கத்தில் அந்தக் காலே மற்றதைவிடச் சற்று நீளமாக வளர்ந்துவிட்டது. கண்ணுக்குள் ஏற்பட்ட தழும்பு ஆறாது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம்.

அவர் எப்சியை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் அழகாக நின்றாள். காலை மாற்றச் சொன்னார். உடனே தடுமாறி மேசையைப் பிடித்தாள்.

"நான் லங்கடி ஆடும்போது எப்பவும் இந்தக் கால்தான், அங்கிள்," என்று வலது காலைத் தட்டிக் காட்டினாள். "அந்தக் கால மேல தூக்கிக்கிட்டா வலிக்காது."

நான் எத்தனை மாலைகள் அவள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்! எந்தக் காலில் ஆடுகிறாள் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. என் வேலையே பார்ப்பதுதான்.

"ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். அதில் குற்றச்சாட்டு இல்லை. ஜெயசீலி பதில் சொன்னாள். அப்போதே காட்டினோம், செம்பூரில் ஒரு டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார் என்று சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார். சில நேரம் தவறவிட்டுவிடுகிறார்கள் என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

திரும்பும்போது ஜெயசீலி வீட்டுக்கு வர மறுத்தாள். செம்பூரில் இறங்கி நேராக அந்தக் கிளினிக்குக்கு நடந்தாள். நான் எப்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். "வேண்டாம் ஜெயா, விடு, நடந்தது நடந்துபோச்சு," என்றேன். என் பெருந்தன்மை என்று நினைத்திருப்பாள்.

வெளியே பிள்ளைகளோடு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் உரத்துப் பேசுகிறவள் அல்ல. அன்றும் கத்தவில்லை. ஹிந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என் பிள்ளைக்குக் கண் போய்விட்டது. ஒன்றுமில்லை என்று சொன்னீர்களே."

டாக்டர் எழுந்து நின்றார். முதலில் எப்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எங்களை நினைவிருந்தது.

"நான் அப்படிச் சொல்லவில்லை," என்றார். "பரேலுக்குப் போகச் சொன்னேன். கண்ணைக் காட்டச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். உங்கள் கணவரிடம்தான் கொடுத்தேன்."

ஜெயசீலி என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. அதுதான் கொடுமை... நான் மறுக்க வேண்டும் என்பதற்காகத்தான் திரும்பினாள்.

"இல்லை," என்றேன். "நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை."

ஒரு பெண்மணியின் முகத்தைப் பார்த்து, அவர் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு, சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம்கூட வரவில்லை. நம்ப முடியாமல் பார்த்தார்.

அப்போது ஜெயசீலி நெருங்கி வந்து, என் தோளில் சாய்ந்திருந்த எப்சியிடம் கேட்டாள்.

"எப்சி, நீயும் அன்னைக்கு அப்பா கூட இருந்தல்லா? டாக்டர் ஆன்ட்டி கண்ணப் பாக்கச் சொன்னாங்களா?"

நான் அதுவரை எப்சியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை கேட்டிருப்பாள், புரிந்திருப்பாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவள் தோளிலிருந்து முகத்தை எடுத்து, மிக அருகில் என்னைப் பார்த்தாள். அந்த இடது கண்ணும் என்னைத்தான் பார்த்தது. என் இதயம் அடிப்பது அவளுடைய நெஞ்சுக்குத் தெரிந்திருக்கும்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா," என்றாள்.

ஜெயசீலி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்... பிள்ளை பொய் சொல்ல மாட்டாள். உண்மைதான். அதுவரை சொன்னதில்லை.

டாக்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எப்சி எனக்கும் ஜெயசீலிக்கும் நடுவில் எதைக் காப்பாற்றினாள் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாங்கள் வெளியே வந்தோம்.

சில நாட்கள் கழித்து, ஜெயசீலி கடைக்குப் போயிருந்தபோது நான் எப்சியின் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏட்டி எப்சி... அன்னைக்கு டாக்டர் சொன்னது ஒனக்கு நெசமாவே ஞாபகம் இல்லையா?"

அவள் கண்ணை மூடியபடியே படுத்திருந்தாள். மருந்து கன்னத்தில் வழிந்தது.

"இருக்கு."

"பின்ன ஏன் அம்மாட்ட அப்படிச் சொன்ன?"

"சொன்னா அம்மா உங்ககூடப் பேச மாட்டாங்க. ஒங்களுக்கும் அப்போ தெரியாதுல்லப்பா, எனக்கு இப்படி ஆவும்னு."

தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். தெரியும் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பஞ்சை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்தேன்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. வாரம் ஒருமுறை தொடையில் ஊசி. முதலில் ஜெயசீலிக்குக் கை நடுங்கியதால் நான் கற்றுக்கொண்டேன். முழங்கால் ஏறக்குறைய நேராகிவிட்டது. ஸ்டேஷன் பாலத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறாள். இடது கண்ணில் வெளிச்சமும் உருவங்களும் தெரியும். எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் சைக்கிளை அவள் பார்ப்பதில்லை என்பதால், சாலையில் எப்போதும் நான் அவளுக்கு இடப்பக்கம் நடக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் யாரும் இப்போது அந்த டாக்டரிடம் போவதில்லை. சர்ச்சிலும் ஜெயசீலி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். புதிதாகக் குடி வந்தவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டால், "அங்க மட்டும் போயிராதிய," என்று அவள் எச்சரிப்பாள். எங்கள் பகுதியில் என் பிள்ளையின் நோயைத் தொட்டுப் பார்த்ததுமே கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தத் தெருவரை போயிருக்கிறேன். வெளியே பெஞ்சில் ஒருவரும் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் பரேலில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் தாராவியிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் மடியில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்றுதான் அவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஜெயசீலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதம்மா. எம் பிள்ளயப் பாரு, எப்படி நடக்கா. நீ சீக்கிரமே வந்துட்ட. எங்களத்தான் ஒரு டாக்டர் ஏமாத்திட்டா. இவிய மட்டும் இல்லன்னா நான் செத்துருப்பேன். ஊசி போடுறது, கண்ணுக்கு மருந்து விடுறது, எல்லாம் இவியதான். இப்படி ஒரு தகப்பன் எந்தப் பிள்ளைக்கும் கெடைக்கணும்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கும்பிடுவது போல நிமிர்ந்து பார்த்தாள். இப்போது சொல்லிவிடு, இந்த ஒரு நொடியில் சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ முட்டியது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்...

எப்சி கையிலிருந்த போனைவிட்டுத் தலையை உயர்த்தினாள். என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"யப்பா, தண்ணி வேணும். கீழ போயி வாங்கிட்டு வாங்க," என்றாள்.

தண்ணீர் பாட்டில் அவள் காலடியில் இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது.

நான் எழுந்து போனேன்.